துணி வரலாறு பிஜி படிக்கணும்னா, எந்த ஊர்ல எந்த அலமாரி திறக்கும்னு முதல்ல பாருங்க

கேள்வி இதுதான். பி.ஏ. ஹிஸ்டரி முடிச்ச ஒரு தம்பி, வெளிநாட்டுல உடை, துணி வரலாறுல முதுநிலை படிக்கலாமான்னு கேட்டிருக்கார். தைக்கத் தெரியாது, ஃபேஷன் டிசைன் பக்கமே போனதில்ல, வீட்ல வேற "துணியைப் பத்திப் படிக்க பிரிட்டன் எதுக்கு, டி.நகர் போனா பத்தாதா"ன்னு கேக்குறாங்களாம். என்ன சொல்லித் தருவாங்க, எங்க படிக்கலாம், முடிச்சா வேலை இருக்கான்னு மூணு விஷயம் கேட்டிருக்கார்.

நான் இதே படிப்பை பிரிட்டன்ல முடிச்சிட்டு, அதுக்கப்புறம் மியூசியம் துணி ஸ்டோர்கள்ல வேலை பாத்துட்டு இருக்கேன், எங்க தாத்தா ஆரணில பட்டுத் தறி போட்டவர், அதனால இந்தக் கேள்வியைப் பாத்ததும் கொஞ்சம் விளக்கமாவே எழுதணும்னு தோணுச்சு. நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு குழப்பத்தை தீத்துடலாம் தம்பி. துணி சம்பந்தமா மூணு தனித்தனி படிப்பு இருக்கு, அப்ளை பண்றவங்க பல பேர் மூணையும் போட்டு கலக்கிடுறாங்க. ஃபேஷன் டிசைன்னா புதுசா உடை உருவாக்குறது, அது நமக்கு இங்க வேணாம். டெக்ஸ்டைல் கன்சர்வேஷன்னா பழைய துணி அழியாம பாதுகாக்குறது, சுத்தம் பண்றது, தாங்கு துணி வச்சு தைக்கிறது, அதுக்கு கெமிஸ்ட்ரி கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், கிளாஸ்கோ யுனிவர்சிட்டில அது ரெண்டு வருஷ எம்ஃபில். மூணாவதுதான் நீங்க கேக்குற உடை, துணி வரலாறு. ஒரு துணியை சாட்சியா வச்சு அதை நெய்தவங்க, வித்தவங்க, உடுத்தினவங்க வாழ்க்கையைக் கண்டுபிடிக்கிற படிப்பு. இதுக்கு பி.ஏ. ஹிஸ்டரி ரொம்ப நல்ல அடித்தளம். தைக்கத் தெரியணும்னு கட்டாயம் இல்ல, ஆனா நாலு வகைத் தையலை கையால போட்டுப் பழகிட்டுப் போனீங்கன்னா கண்ணு வேற மாதிரி பாக்க ஆரம்பிக்கும், அதை நான் அனுபவத்துல சொல்றேன்.

எங்க படிக்கிறதுன்னு கேட்டா, எல்லாரும் ரேங்கிங் பாக்குறாங்க. நான் சொல்றது வேற. அந்த ஊர்ல எந்தக் கலெக்ஷன் உங்களுக்குத் திறக்கும்னு பாருங்க. ஏன்னா இந்தப் படிப்புல உங்க உண்மையான வாத்தியார் அலமாரிக்குள்ள மடிச்சோ உருளைல சுத்தியோ வச்சிருக்குற அந்தத் துணிதான். பேராசிரியர் அதைப் பாக்கக் கத்துக் குடுப்பார், அவ்வளவுதான்.

லண்டன்ல கோர்டால்ட் இன்ஸ்டிட்யூட்ல 1965ல ஸ்டெல்லா மேரி நியூட்டன் உடை வரலாறு முதுநிலைப் படிப்பை ஆரம்பிச்சாங்க. அவங்க முதல்ல நாடகத்துக்கு உடை வடிவமைச்சவங்க, அப்புறம் நேஷனல் கேலரில ஓவியத்துல இருக்குற உடையை வச்சு அந்த ஓவியம் எந்தக் காலம்னு சொல்ற வேலை பாத்தாங்க. கழுத்துப் பட்டை எப்படி இருக்கு, கை எங்க உப்புது, இடுப்பு எங்க நிக்குதுன்னு பாத்து காலத்தை சொல்லிடுவாங்க. அதனால அந்தப் பள்ளில ஓவியம், போட்டோ, பத்திரிகைன்னு படத்துல இருக்குற உடைக்கு முக்கியத்துவம் ஜாஸ்தி. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியமும் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டும் சேந்து 1982லேருந்து டிசைன் வரலாறு நடத்துறாங்க, அதுக்குள்ள துணியும் வரும். நியூயார்க்ல ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜில (எஃப்ஐடி) ஃபேஷன், டெக்ஸ்டைல் ஸ்டடீஸ் எம்.ஏ. இருக்கு, அது மியூசியம் வேலைக்குன்னே அமைச்ச படிப்பு, அங்கயே பார்ட் கிராஜுவேட் சென்டரும் இருக்கு.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது கிளாஸ்கோதான். காரணம் சொல்றேன். கேரன் ஃபின்ச்னு டென்மார்க்ல பிறந்த ஒரு அம்மா, 1975ல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைல துணி பாதுகாப்பு மையம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அது 1999ல வின்செஸ்டருக்குப் போச்சு, 2009ல மூடிட்டாங்க, உலகம் முழுக்க இந்தத் துறைல இருந்தவங்க எல்லாம் ரொம்ப வருத்தப்பட்டாங்க, அடுத்த வருஷமே கிளாஸ்கோ யுனிவர்சிட்டி அதுக்கு மறுவாழ்வு குடுத்துச்சு. அங்க உடை, துணி வரலாறு எம்லிட் (எம்.ஏ. மாதிரி ஒரு முதுநிலைப் பட்டம்) ஒரு வருஷப் படிப்பு, கன்சர்வேஷன் லேப் பக்கத்துலயே நடக்குது. அதாவது நீங்க "இது 18ஆம் நூற்றாண்டுத் துணி"ன்னு சொன்னா பக்கத்து ரூம்ல ஒருத்தங்க நூலை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்து ஆமா இல்லன்னு சொல்லிடுவாங்க. இதோட யுனிவர்சிட்டி ஆர்கைவ்ஸ்ல ஸ்டாடர்ட் டெம்பிள்டன் கம்பளக் கம்பெனியோட டிசைன்கள், ஊருக்குள்ள பர்ரெல் கலெக்ஷன் மியூசியத்தோட டேபஸ்ட்ரிகள் (படம் நெய்த சுவர்த் திரைகள்), கொஞ்ச தூரத்துல பெய்ஸ்லி. நம்ம மாங்கா டிசைனை உலகமே பெய்ஸ்லின்னு கூப்பிடுறதுக்குக் காரணமான அதே ஊர், காஷ்மீர் சால்வையைப் பாத்து அவங்க நெய்ததால வந்த பேரு.

சரி, கிளாஸ்ல என்னதான் நடக்கும்? எனக்கு மறக்கவே முடியாத ஒரு நாள் சொல்றேன். மேஜை மேல வெள்ளை டிஷ்யூ பேப்பர் விரிச்சு, 1890கள்ல போட்ட ஒரு கறுப்புப் பட்டு மேல்சட்டை. மோதிரம், வாட்ச், கழுத்துல தொங்குற ஐடி கார்டு எல்லாத்தையும் கழட்டணும், பேனா கூடாது பென்சில் மட்டும், வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்குற அலகு) மேல போகக் கூடாது. டீச்சர் சொன்னது ஒண்ணே ஒண்ணு, "அரை மணி நேரம் பாத்ததை மட்டும் எழுது, நினைக்கிறதை எழுதாத". நான் "துக்க உடை"ன்னு முதல் வரில எழுதிட்டேன், அடிச்சிட்டாங்க. கறுப்புன்னு எழுது, துக்கம்னு உனக்கு யார் சொன்னதுன்னாங்க.

அப்புறம் உள்பக்கம் திருப்பிப் பாத்தோம். வெளிய பாக்குறப்போ தெரியாத எல்லாம் உள்ள இருந்துச்சு. நீளத் தையல் எல்லாம் மெஷின், ஆனா பட்டன் ஓட்டை கையால தைச்சது. அக்குள்ல லைனிங் துணி பழுப்பு ஏறி மொடமொடன்னு ஆகியிருந்துச்சு, வேர்வை. பக்கத் தையல் ரெண்டுலயும் ஒரு விரல் அகலத்துக்குப் பிரிச்சு விட்டிருக்காங்க, பழைய தையல் போன ஊசி ஓட்டை வரிசையா அப்படியே தெரியுது. அந்தம்மா கர்ப்பமா இருந்தாங்களா, உடம்பு போட்டுச்சா, வேற ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டாங்களா, துணி அதை சொல்லாது. ஆனா புதுசு வாங்காம இதையே பிரிச்சு விட்டாங்கங்குறதை சத்தியமா சொல்லும். அந்த வித்தியாசம் பிடிபடுறதுக்கு எனக்கு முழு செமஸ்டர் ஆச்சு.

அந்தப் பட்டு இன்னொரு விஷயமும் சொல்லுச்சு. மடிப்பே இல்லாத இடத்துல கூட கண்ணாடி விரிசல் மாதிரி நேர் நேரா கிழிஞ்சிருந்துச்சு. காரணம் கேட்டா நம்ம பட்டு ஊர்க்காரங்களுக்கு உடனே புரியும். கச்சாப் பட்டை வேக வச்சு பசையை எடுத்தா கிட்டத்தட்ட கால்வாசி எடை போயிடும். பட்டு எடைக்கு விக்கிற பொருள், அந்த நஷ்டத்தை ஈடு கட்ட 19ஆம் நூற்றாண்டுக் கடைசில ஐரோப்பாவுல வெள்ளீய உப்புல முக்கி எடை ஏத்தினாங்க, நல்ல கனமா சரசரன்னு வேற இருந்துச்சு, வாங்குறவங்களுக்கும் பிடிச்சுப் போச்சு. அந்த உப்புதான் இன்னைக்கு இழையை உள்ளேருந்து நொறுக்குது. தைச்சு காப்பாத்த முடியாது, ஊசி போற இடமும் நொறுங்கும். நூறு வருஷத்துக்கு முன்னாடி எடைத் தராசுல பண்ணின ஒரு வேலை, இன்னைக்கு ஸ்டோர்ல நம்ம கண்ணு முன்னாடி உதிர்ந்து விழுது. பொருளாதார வரலாறு, கெமிஸ்ட்ரி, ஆசை எல்லாம் ஒரே துணில இருக்குங்குறது எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சது.

இந்த மாதிரி சின்னச் சின்ன அடையாளங்கள் நிறைய கத்துக் குடுப்பாங்க. முறுக்கு ஒண்ணு. நூலை நேரா பிடிச்சுப் பாத்தா முறுக்கு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும், இசட் எழுத்தோட நடுக்கோடு மாதிரி இல்லன்னா எஸ் மாதிரி. பழைய எகிப்துல நூல் பெரும்பாலும் எஸ் முறுக்கு, இந்தியப் பருத்தி இசட் முறுக்கு. எகிப்துல கிடைச்ச பழைய பருத்தித் துணிகள்ல எது இந்தியாலேருந்து போனதுன்னு பிரிச்சுப் பாக்க இந்த முறுக்கு ஒரு முக்கியமான தடயம். ஆக்ஸ்போர்ட் ஆஷ்மோலியன் மியூசியத்துல அப்படி எகிப்துலேருந்து வந்த இந்திய அச்சுத் துணித் துண்டுகள் சுமார் 1,200 இருக்கு, பெரும்பாலும் குஜராத் சரக்கு. இன்னொண்ணு, பிரிட்டன் பருத்தித் துணியோட ஓரத்துல மூணு நீல இழை ஓடுச்சுன்னா அது 1774 சட்டத்துக்கு அப்புறம் அங்கயே நெய்தது, உள்ளூர் சரக்குன்னு காட்ட அப்படி இழை விடணும்னு சட்டம். அதுக்கு முன்னாடி 1721ல போட்ட சட்டப்படி அச்சுப் பருத்தித் துணி உடுத்துறதே அங்க தடை, நம்ம பக்கத்து சிண்ட்ஸ் (பூ, கொடின்னு சாயத்துல எழுதின பருத்தித் துணி) மேல அவங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு அவ்வளவு மோகம், கம்பளி, பட்டு நெய்றவங்க கொதிச்சுப் போய் வாங்கின தடை அது.

சிண்ட்ஸ்னு சொன்னதும் நம்ம ஊர் வந்துடுச்சு பாருங்க. சோழமண்டலக் கரைல எழுதின சித்திரத் துணி, லண்டன்லயும் டொராண்டோலயும் ஆம்ஸ்டர்டாம்லயும் மியூசியத்துல இருக்கு. முதல் தடவை ஒண்ணைக் கிட்டத்துல பாத்தப்போ சிவப்பு நேத்து போட்ட மாதிரி இருந்துச்சு, ஆனா கறுப்புக் கோடு போன இடமெல்லாம் வெறும் ஓட்டை, பூவோட வெளிக்கோடு மட்டும் உதிர்ந்து போயிருக்கு. சிவப்புக்கு படிகாரம் போடுவாங்க, அது துணியை ஒண்ணும் பண்ணாது. கறுப்புக்கு இரும்புக் கரைசல், அது மெல்ல மெல்ல பஞ்சை அரிச்சிடும். அந்தச் சிவப்பு நம்ம சாயவேர் சிவப்பு. யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் அந்த வேரைத் தோண்டுறதை டச்சுக்காரங்க தங்க கட்டுப்பாட்டுல வச்சிருந்த அளவுக்கு அதுக்கு மதிப்பு இருந்துச்சு.

1734ல பாண்டிச்சேரில போலியூன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் சாயம் போடுறவங்க பக்கத்துல நின்னு ஒவ்வொரு கட்டமா எழுதி, ஒவ்வொரு கட்டத்துலயும் துணில ஒரு துண்டு வெட்டி வச்சுக்கிட்டார். கடுக்காயும் பாலும் போட்டப்போ எப்படி, படிகாரம் வச்சப்போ எப்படி, வேர்ல கொதிக்க வச்சப்போ எப்படின்னு. அந்தத் துண்டுகள் இன்னும் பாரிஸ்ல இருக்கு. அந்த நுட்பத்தைத் தெரிஞ்சுக்கிட்டுப் போறதுக்காக எடுத்த குறிப்புதான் அது, இருந்தாலும் பேர் தெரியாத நம்ம சாயக்காரங்க கைவேலைக்கு அதை விட நெருக்கமான சாட்சி ஒண்ணு கிடைக்காது, அதை நினைச்சா எனக்கு மனசு கலங்கும்.

இதே சிவப்போட இன்னொரு கதை ஸ்காட்லாந்துல. 1785ல பாப்பியோன்னு ஒரு பிரெஞ்சு சாயக்காரர் கிளாஸ்கோ வந்தப்புறம் டர்க்கி ரெட்ங்குற சிவப்புச் சாயம் அங்க வேர் பிடிச்சு, பின்னாடி லெவன் ஆத்துப் பள்ளத்தாக்குல பெரிய பெரிய ஃபேக்டரி வந்துச்சு. அங்க மேடர்ங்குற செடியோட வேர், இங்க சாயவேர், ரெண்டுலயும் சிவப்பு குடுக்குறது அலிசரின்ங்குற அதே பொருள்தான். அந்த ஃபேக்டரிங்க மயிலும் மாங்காயும் போட்டு அச்சடிச்சு இந்தியாவுக்கே அனுப்பினாங்க, அந்தப் பேட்டர்ன் புக்குங்க எடின்பரோ தேசிய மியூசியத்துல இருக்கு. 1868-69ல அலிசரினை நிலக்கரித் தார்லேருந்து செயற்கையா எடுக்க வழி கண்டுபிடிச்சாங்க, அதோட வேர் பொழைப்பு போச்சு. நீங்க டிஸர்டேஷனுக்கு விஷயம் தேடுறீங்கன்னா இதுல பத்து பேருக்கு வேலை இருக்கு.

இன்னொரு முக்கியமான இடம். ஃபோர்ப்ஸ் வாட்சன்னு ஒருத்தர் 1866ல இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 18 வால்யூம் போட்டார், 700 துண்டு, அதே மாதிரி 20 செட். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. லங்காஷயர் மில்லுக்காரங்க இதைப் பாத்து இந்தியா வாங்குற மாதிரி சரக்கு நெய்யட்டும்னு நோக்கம். பிரெஸ்டன்ல ஒரு செட் இருக்கு, பொறுமையா பக்கம் புரட்டிப் பாருங்க. புடவையை, தலைப்பாகையை துண்டு துண்டா வெட்டிட்டாங்க, நமக்கு முந்தி எங்க, உடல் எங்க, கரை எவ்வளவுன்னுதான் முதல்ல கேக்கத் தோணும். அங்கதான் நம்ம பசங்களுக்கு ஒரு பலம் இருக்கு. மேற்கத்திய உடை வரலாறு வெட்டித் தைச்ச துணியை வச்சு வளந்தது, கட்டிங் எப்படி, தையல் எங்கன்னு பாக்கும். வேட்டிக்கும் புடவைக்கும் தையலே கிடையாது, பாவு (நீள இழை), ஊடை (குறுக்கு இழை) இதுலயே உடை முடிஞ்சிடுது. அப்போ எதைப் படிப்பீங்க? கோர்வை போட்ட (உடலோட சேத்தே நெய்த) கரையா, தனியா தைச்ச கரையா, முந்திக்கு வேற பாவு இணைச்சிருக்கா (அதைத்தான் பெட்னிம்பாங்க), கொசுவம் வச்ச இடத்துல மடிப்பு எங்க தேஞ்சிருக்கு, கால் பக்கம் எவ்வளவு நைஞ்சிருக்கு. இதைப் பாக்குற கண்ணு தறி வீட்டுல, பாட்டி வீட்டுல வளந்தவங்களுக்கு பாதி இருக்கு. தஞ்சை மராட்டிய அரண்மனைக்குன்னு கோடாலிக் கருப்பூர்ல செஞ்ச புடவை, ஜரிகை புட்டா நெய்து அது மேல மெழுகு வச்சு சாயம் எழுதினது, நெசவும் எழுத்தும் ஒரே துணில. அரண்மனை போனதும் அந்தக் கலையும் மங்கிப் போச்சு. மிச்சம் இருக்குறது கொஞ்சம்தான், அதையும் தமிழ் தெரிஞ்சவங்க உக்காந்து படிச்சது ரொம்ப ரொம்பக் கம்மி.

துணி மட்டும் போதாது, காகிதமும் படிக்கணும். லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட் வழக்குப் பதிவுகள் 1674லேருந்து 1913 வரை இணையத்துலயே இருக்கு, திருடு போன பாவாடை, மேலங்கி, கைக்குட்டை எல்லாம் விலையோட வரும். ஏழைங்க என்ன உடுத்தினாங்கன்னு தெரிஞ்சுக்க திருட்டுக் கேஸ் படிக்க வேண்டியிருக்கு, ஏன்னா ஏழைங்க துணி மிஞ்சாது. நம்ம வீட்டுல பழைய வேட்டி தூளியாகி, கரித்துணியாகி, கடைசில விளக்குத் திரியாகிடும்ல, அங்கயும் அப்படித்தான்.

மிஞ்சின ஒரு இடம் இருக்கு. லண்டன்ல ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல், வளர்க்க முடியாத தாய்ங்க குழந்தையை விட்டுட்டுப் போற இடம். பின்னாடி வந்து கேட்டா அடையாளம் தெரியணுமேன்னு குழந்தையோட பதிவுத் தாள்ல ஒரு துணித் துண்டைக் குத்தி வச்சாங்க, 1741லேருந்து சுமார் இருபது வருஷத்துல 5,000க்கு மேல. 18ஆம் நூற்றாண்டு பிரிட்டன்ல சாதாரண ஜனங்க உடுத்தின துணி இவ்வளவு ஒரே இடத்துல வேற எங்கயும் இல்ல. 1767ல ஒரு தாய் ஒட்டுத்துணில இதயம் தைச்சு, அதைப் பாதியா வெட்டி, ஒரு பாதியைப் பையனோட விட்டுட்டுப் போனாங்க. எட்டு வருஷம் கழிச்சு 1775ல வந்து பையனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. திரும்ப வந்தவங்க ரொம்பக் கொஞ்சம். வீட்ல "துணில என்ன படிப்பு"ன்னு கேட்டா இந்த ஒண்ணை மட்டும் சொல்லுங்க தம்பி.

இப்போ வேலை, பணம். வேலை நிறைய இல்ல, ஒளிக்காம சொல்லிடுறேன். மியூசியம் க்யூரேட்டர் வேலை குறைவு, ஆரம்பத்துல ஆறு மாசம் ஒரு வருஷம்னு கான்ட்ராக்ட்தான் வரும். நான் முதல் ரெண்டு வருஷத்துல மூணு ஊர் மாறினேன், ஒரு இடத்துல கான்ட்ராக்ட் நீட்டிப்போம்னு வாய்வார்த்தை குடுத்துட்டு கடைசி வாரம் இல்லன்னுட்டாங்க, வாடகை அட்வான்ஸ் போச்சு. அதனால கடன் வாங்கி மட்டும் இந்தப் படிப்புக்குப் போகாதீங்க. ஏல நிறுவனம், துணிக் கம்பெனிகளோட ஆர்கைவ், சினிமா நாடகத்துக்கு உடை ஆராய்ச்சி, டாக்டரேட், கற்பித்தல், இதெல்லாமும் வழிதான். ஸ்காலர்ஷிப்னா பிரிட்டன் அரசோட செவனிங் இருக்கு, அதுக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேப்பாங்க, முடிச்சதும் ரெண்டு வருஷம் ஊருக்குத் திரும்பணும். காமன்வெல்த் ஸ்காலர்ஷிப் இருக்கு. சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் இந்தியர்களுக்குன்னே கலை, பாரம்பரியம் பக்கம் உதவுது. படிக்கிறப்போ துணி வரலாறு ஆராய்ச்சிக்கு பாசோல்ட் ஃபண்ட் சின்னச் சின்ன நிதி குடுக்கும்.

உடனே போக முடியலன்னா, பரோடா எம்.எஸ். யுனிவர்சிட்டில மியூசியாலஜி 1952லேருந்து இருக்கு, அகமதாபாத் கேலிகோ மியூசியத்தை ஒரு தடவையாவது பாத்துட்டு வாங்க. எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பதிவுகள் இருக்கு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க நெசவாளர்களுக்கு அட்வான்ஸ் குடுத்தது, சரக்கு மட்டம்னு திருப்பினது எல்லாம் அதுல வரும். லண்டன் போக வாய்ப்பு கிடைச்சா, 2025ல திறந்த வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்ல மாணவரா இல்லாதவங்க கூட முன்னாடியே புக் பண்ணி கேட்ட துணியை எடுத்து வைக்கச் சொல்லிப் பாக்கலாம், காசு கிடையாது. நான் படிச்ச காலத்துல இவ்வளவு சுலபமா இல்ல.

அப்ளிகேஷன் எழுதுறப்போ "சின்ன வயசுலேருந்தே ஃபேஷன் பிடிக்கும்"னு ஆரம்பிக்காதீங்க, நூத்துல எண்பது பேர் அதைத்தான் எழுதுறாங்கன்னு எனக்கு சொல்லிக் குடுத்தவங்க வருத்தப்படுவாங்க. வீட்டு பீரோல இருக்குற பழைய புடவை ஒண்ணு எடுங்க, பாட்டியோடதா இருந்தா நல்லது. பகல் வெளிச்சத்துல சுத்தமான வெள்ளை வேட்டி மேல விரிங்க. நீளம் அகலம் அளந்து எழுதுங்க, ஒரு இன்ச்சுக்கு பாவு எத்தனை இழை, ஊடை எத்தனைன்னு நூல் எண்ணுற கண்ணாடி வச்சு எண்ணுங்க, முறுக்கு பாருங்க, பின்பக்கம் திருப்பி கரை எப்படி சேந்திருக்குன்னு பாருங்க, கறை, கிழிசல், இழை ஓட்டின இடம், பூச்சி உருண்டை வாசனை உட்பட எழுதுங்க. ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க. அதுக்கப்புறம்தான் பாட்டிகிட்ட போய் எங்க வாங்கினது, எவ்வளவு, எதுக்குக் கட்டினீங்கன்னு கேளுங்க. துணி சொன்னதும் பாட்டி சொன்னதும் ஒத்துப் போகலன்னா பயப்படாதீங்க, அந்த இடத்தைத்தான் விரிச்சு எழுதணும். ரெண்டு பக்கம் போதும். எழுதிட்டு அனுப்புங்க தம்பி, படிச்சுப் பாத்து சொல்றேன்.